அன்றைக்கு அறுபத்திரண்டு சதவீதம் இருந்தது

மாப்பிள்ளை சார் சரவணனுக்கு,

நாளைக்கு உனக்குக் கல்யாணம்! இதை எழுதிவிட்டு ஒருமுறை சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும், எனக்கென்ன. காலையிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை. தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து உன் மாமனார் வீட்டு ஜனம் நாற்பது பேர் வருகிற ரயில் ஒரு மணி நேரம் தாமதமாம். தினமும் ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற நம் கம்பெனி பஸ் இன்றைக்கு மாவிலையும் சாமந்தியும் கட்டிக்கொண்டு நிற்கிறது. "உன் புள்ள கல்யாணத்துக்கு இல்லாத வண்டி இன்னாத்துக்குய்யா எனக்கு?" என்று முதலாளி சாவியைக் கையில் வைத்துவிட்டார். என் போன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நிழலில் இருக்கிறது. நிழலில் என்று எழுதியிருப்பதைக் கவனி. சார்ஜ் எண்பது சதவீதம். ரயில் வந்ததும் கூப்பிடுவதாக உன் மாமனார் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவன் எதற்காகக் கடிதம் எழுத வேண்டும், வீட்டுக்கு வந்து பேசினால் போதாதா என்று நீ கேட்பாய். வாயால் சொல்ல ஏழு மாதமாக முயற்சி செய்துவிட்டேன், வரவில்லை. உன் எதிரில் உட்கார்ந்தால் "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். நாளைக்கு மேடையில் உன் பக்கத்தில் நிற்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அது என் போன் பேட்டரியைப் பற்றியது. சிரிக்காதே. "எங்கப்பா மறந்துடுவாரு, ஆனா பொய் சொல்ல மாட்டாரு" என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாய் அல்லவா, அந்தப் பெருமை இந்தக் கடிதத்தோடு போய்விடலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மாவும் படிக்கட்டும், உன் சிநேகிதர்களும் படிக்கட்டும், யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

பழைய போனிலிருந்து ஆரம்பிக்கிறேன். பேட்டரியை முழுசாகச் சாகவிட்டு, பிறகு நூறு வரைக்கும் ஏற்ற வேண்டும், அப்போதுதான் சார்ஜ் நிற்கும் என்று எனக்கு யாரோ ஒரு டிரைவர் சொல்லிக்கொடுத்தார். வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். ஐம்பதில் யாராவது சார்ஜ் போட்டால் பாதி வயிற்றில் சோறு போட்டது போல எனக்குக் கோபம் வரும். அது போதாதென்று பகலெல்லாம் போன் டேஷ்போர்டு மேல்தான் கிடக்கும். ஒரகடம் வெயில் கண்ணாடி வழியாக இறங்கி அதைத் தோசைக்கல்லாக ஆக்கிவிடும். அந்தச் சூட்டோடு எடுத்து அப்படியே சார்ஜில் போடுவேன். ஒருநாள் போனை மேஜை மேல் வைத்தால் அது ஆடியது. பின்பக்கம் மேடு தட்டிவிட்டது. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, உங்க போனு முழுகாம கீற மாதிரி கீது!" என்றாளே, நீ சாப்பாட்டுத் தட்டோடு புரண்டு புரண்டு சிரித்தாய். ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்குப் போன் போட்டுப் பிரயோஜனம் இல்லை, அது எப்போதும் செத்துத்தான் கிடக்கும். அதனால்தானே நான் மறந்துவிட்டுப் போன சார்ஜரை எடுத்துக்கொண்டு நீ பைக்கில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு ஓடி வருவாய்!

அங்கேதானே அவளைப் பார்த்தாய். கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நீ ஜன்னல் வழியாகச் சார்ஜரை நீட்டினாய், நான் வாங்கிச் செருகப் போனேன். மூன்றாவது சீட்டிலிருந்து ஒரு குரல், "அண்ணே, வெயில்ல கெடந்த போன அப்பிடியே சார்ஜுல போடாதிய. ஆறட்டும்." யாரென்று திரும்பிப் பார்த்தால் பேச்சியம்மாள். போன் பேட்டரிகளைச் சோதித்துப் பார்க்கிற லைனில் வேலை செய்கிறவள். பெயரிலேயே பேச்சு இருக்கிறது, ஆனால் அதுவரைக்கும் ஒரு வருஷமாக என் வண்டியில் வந்தும் அவள் பேசியதே அந்த ஒரு வார்த்தைதான். நீ வெளியே நின்று, "எவ்ளோ நேரம் ஆறணும்?" என்று கேட்டாய். கேட்டது என் போனுக்காக என்று நான் நம்பினேன். என்னை மாதிரி ஒரு மக்கு உலகத்தில் உண்டா! அதன் பிறகு எத்தனை தடவை என் சார்ஜர் வீட்டிலேயே "தங்கிவிட்டது", அதை எத்தனை தடவை நீயே ஒளித்துவைத்தாய் என்பதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் பேச்சி வண்டியில் ஏறும்போது 'அண்ணே' என்பதற்குப் பதிலாக 'மாமா' என்றாள். நான் அவளுக்கு அண்ணன் என்றால் நீ மருமகன் முறையாகிவிடுவாய், கணக்கு இடிக்கும். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

புரிந்ததும் நான் சந்தோஷப்படவில்லை. அதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் நல்ல பெண் என்று எனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் ஏறும்போது நல்ல பெண்ணாக இருந்தவள், நம் வீட்டு வாசல்படி ஏறப் போகிறாள் என்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது, ஜனம் ஞாபகம் வந்தது, தூரத்து ஊர்க்காரர்கள் என்பது ஞாபகம் வந்தது. அதைவிட இன்னொன்று. நீ என்னைக் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, ஞாயித்துக்கெழம நாலு மணிக்குப் பேச்சி அப்பா உனக்குப் போன் பண்ணுவாரு, பேசிடு" என்றாய். நேரம் வரைக்கும் முடிவு செய்துவிட்டு வந்து சொல்கிறாயே என்று எனக்குச் சுருக்கென்றது. சோற்றைப் பிசைந்துகொண்டே "ம்" என்றேன். அந்த 'ம்'மை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். நீ நல்லவன், அப்படித்தான் எடுத்துக்கொள்வாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஒரகடத்தில் ஷிப்டில் இருந்தாய், உன் போன் லாக்கரில். அம்மா பக்கத்து வீட்டில். நான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உப்பிப்போன பழைய போனைத் தூக்கிப் போட்டுவிட்டு நீ வாங்கிக் கொடுத்தாயே, அந்தப் புதுப்போன் என் கையில் இருந்தது. அப்போது மணி மூன்று ஐம்பது. சார்ஜ் எவ்வளவு இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அறுபத்திரண்டு சதவீதம். பக்கத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். 'அணைக்கவா' என்று அது கேட்டது. நான் அணைத்தேன்.

பேட்டரி சாகவில்லை சரவணா. நான்தான் அணைத்தேன். கல்யாணப் பேச்சில் இஷ்டமில்லை என்றால், நம் பக்கத்தில் யாரும் 'வேண்டாம்' என்று வாயால் சொல்வதில்லை, உனக்கும் தெரியும். போனை எடுக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் அணைத்துவிடுவார்கள், எதிராளி புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவார். அந்தப் பழக்கத்தின் நிழலில்தான் நான் ஒளிந்துகொண்டேன். மறுநாள் காலையில் நீ வந்து, "இன்னாப்பா, இந்தப் போனையும் வெயில்ல போட்டு பேட்டரிய சாவடிச்சிட்டியா?" என்று கேட்டாய். நான் ஒரு பொய்யை யோசித்துக்கொண்டிருந்தேன், நீயே அதை என் கையில் கொடுத்துவிட்டாய். "ஆமாண்டா" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரே ஒரு வார்த்தை.

அந்த ஒரு வார்த்தைக்குப் பத்து நாள் நீ பட்டது எனக்குத் தெரியும். அவள் அப்பா ஏழு தடவை போட்டுப் பார்த்திருக்கிறார், ஏழு தடவையும் 'ஸ்விட்ச் ஆஃப்'. மாப்பிள்ளை வீட்டுக்கு இஷ்டமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். நீ கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை, பெற்றவர் பேசட்டும் என்று பேச்சியிடம் சொல்லி அனுப்பிவிட்டார். நீ என்னைப் பேசச் சொன்னாய், நான் "நேர்ல பாத்துப் பேசற விஷயம்டா" என்று நழுவினேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் மூன்றாவது சீட்டு காலி. அடுத்த நாளும் காலி. ஹாஸ்டல் பெண்ணிடம் கேட்டேன். "அவ அப்பா வரச் சொல்லிட்டாராம் அண்ணே. ரூம காலி பண்ணிட்டு, அழுதுக்கிட்டே ஊருக்குப் போயிட்டா" என்றாள். அதன் பிறகு கண்ணாடியில் பின்னால் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலி சீட்டுதான் கண்ணில் பட்டது. ஒரு பெண்ணின் வேலையையும், என் பிள்ளையின் தூக்கத்தையும் ஒரு பட்டனை அழுத்திப் பறித்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ வீட்டுக்குள் வந்தால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

நீயோ என் மேல் ஒரு சொட்டுக் கோபமும் படவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, "அப்பா மேல தப்பில்ல, பேட்டரி மேலதான் தப்பு. வா மாத்திடலாம்" என்று வாலாஜாபாத் கடைக்கு என்னை பைக்கில் கூட்டிக்கொண்டு போனாய். எதிர்க்கடையில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கப் போனாய். அந்த நேரத்தில் கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார். "இன்னா சார், சும்மா புதுசாட்டம் கீது! இத்தப் போயி மாத்த சொல்றாரு உங்க புள்ள?" என்றார். "மாத்திடுப்பா" என்றேன். "நெசமாவா சார்? நல்லா கீறத எட்த்துப் போட சொல்றீங்களே." "மாத்திடுன்றேன்ல!" என்று கத்திவிட்டேன். அவர் வேறொன்று போட்டுவிட்டு, கழற்றியதைப் பேப்பரில் சுற்றி, "இந்தாங்க, தூக்கிப் போட எனக்கு மனசு வரல" என்று என் சட்டைப்பையில் வைத்தார். நீ ரோஸ்மில்க்கோடு வந்தாய். போன் உயிர் பெற்றதும் அங்கேயே நின்று என் நம்பரிலிருந்து அவருக்குப் போட்டு, என் காதில் வைத்து, "பேசுப்பா" என்றாய்.

முதல் மணியிலேயே எடுத்தார். நான், "சம்பந்தி, மன்னிச்சுக்கோங்க, பேட்டரி மக்கர் பண்ணிடுச்சு" என்றேன். அந்த மனிதர் சிரித்தார் பார், கடைக்காரருக்கே கேட்டிருக்கும். "அட சாமி, இதானா விசயம்! நான் ஏழு வாட்டி போட்டேன். எங்கள வேண்டாம்னு அணைச்சு வச்சிட்டியளோன்னுல்லா நெனச்சேன். நானும் லோடு ஆட்டோ ஓட்டுதவன்தான், எம் போனும் வெயில்ல கெடந்து இப்பிடித்தான் மக்கர் பண்ணும்" என்றார். டிரைவருக்கு டிரைவர் நம்பிவிட்டார். நீ அந்தக் கடை வாசலில் குதித்த குதியில் ரோஸ்மில்க் என் வேட்டியெல்லாம் கொட்டியது. நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டைப்பைக்குள் அந்தப் பேப்பர் பொட்டலம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதை எங்கே போடுவதென்று தெரியாமல் பஸ்ஸின் முதலுதவிப் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் வைத்தேன். நிச்சயமாகி, பேச்சி வேலைக்குத் திரும்பி வந்த பிறகு, ஒருநாள் மத்தியானம் ஒரு பெண்ணுக்கு சீட்டுத் தகரம் விரலில் கிழித்துவிட்டது. பேச்சி ஓடி வந்து பெட்டியைத் திறந்தாள். பஞ்சை எடுத்தாள், பொட்டலமும் கூடவே வந்தது. விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, எல்லோரும் இறங்கிய பிறகு என்னிடம் வந்தாள். "மாமா, இது உங்க போன்ல இருந்து கழட்டுன பேட்டரியா?" என்றாள். ஆமாம் என்றேன். உள்ளங்கையில் வைத்து, கண்ணுக்கு நேராகத் தூக்கி ஓரத்தைப் பார்த்தாள். "உப்பவே இல்லியே மாமா. ஓரமெல்லாம் நேரா இருக்கு. நாள் பூரா இததான பாக்கேன், நல்லது கெட்டது எனக்குத் தெரியாதா? இத எதுக்கு மாத்துனிய?" என்று கேட்டாள். நான் ஸ்டியரிங்கைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஊரில் அழுத நாட்கள் உட்பட.

என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். உனக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும், கதை முடிந்திருக்கும். அவள் அந்தப் பேட்டரியை மறுபடியும் பேப்பரில் சுற்றினாள். "இத இப்பிடி வண்டிச் சூட்டுல வைக்கக் கூடாது மாமா, தீப்புடிச்சிரும். பழைய பேட்டரி வாங்குத எடத்துல நான் குடுத்திருதேன்" என்றாள். இறங்கப் போனவள் படியில் நின்று திரும்பி, "இனிமே போன அணைய விடாதிய மாமா. இருவதுக்குக் கீழ எறங்க விடாம, எம்பதுல எடுத்துருங்க. அது போதும்" என்றாள். மறுநாளிலிருந்து தினமும் வண்டியில் ஏறும்போது, "மாமா, எம்புட்டு இருக்கு?" என்று கேட்பாள். நான் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போல, "எழுவத்தொண்ணும்மா", "அம்பத்தாறும்மா" என்பேன். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று அவளைக் கேட்டுவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். மறைத்தவன் நான். அவள் எனக்கு அவகாசம் கொடுத்தாள். நான் அந்த அவகாசத்தை ஏழு மாதம் இழுத்தடித்தேன். கோபம் வந்தால் என்னிடம் வா, திட்டு, நாலு பேருக்கு நடுவில் வேண்டுமானாலும் திட்டு. நான் பூசி மெழுக மாட்டேன்.

உன் அறையில் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் ஒரு பிளக் பாயின்ட் போடச் சொல்லி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நேற்றுதான் வேலையை முடித்தேன். நீ இன்னும் பார்த்திருக்க மாட்டாய். ஆளுக்கு ஒன்று, சண்டை வேண்டாம். அவள் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும்போது உன் போன் அவள் தலைமாட்டில் கூவக் கூடாது. தலையணைக்கு அடியில் போனை வைத்துச் சார்ஜ் போடாதே, சூடு வெளியே போக வழியில்லாமல் பேட்டரி கெடும், தலையணையும் கருகும். ராத்திரி பூராவும் நூறிலேயே தொங்கவிடாதே, உன் போனிலேயே எண்பதில் நிறுத்துகிற வசதி இருக்கிறதாம், பேச்சிக்குத் தெரியும், கேட்டுக்கொள். ஐம்பதில் சார்ஜ் போடலாம், ஒன்றும் ஆகாது. நான் இத்தனை வருஷம் தப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பேட்டரியை உதாரணம் காட்டி உன்னை அறுக்கப் போவதில்லை, பயப்படாதே. ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். அவள் மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் போனை அணைக்காதே. எடு. எடுத்து, "கோவமா கீறேன், அப்புறம் பேசறேன்" என்று சொல். அந்த நாலு வார்த்தையை அன்றைக்கு நான் உன் மாமனாரிடம் சொல்லியிருந்தால்கூட, அவர் என்னை மனிதன் என்று மதித்திருப்பார்.

அவரிடமும் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அவரை எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொள்வேன். படப்பை தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்திருக்கிறேன், ஒரகடம் வந்துவிட்டால் டிராபிக்கைச் சாக்கு வைத்துத் தப்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அவர் சிரிப்பாரா, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவாரா, தெரியாது. ஆனாலும் பார், சந்தோஷம் அடங்கவில்லை! என் பிள்ளைக்குக் கல்யாணம், பேச்சி என் வீட்டுக்கு வருகிறாள், வண்டி பூ வாசனையில் மிதக்கிறது. ஸ்டேஷனில் ஏதோ அறிவிப்பு, ஜனம் எழுந்திருக்கிறது, ரயில் வந்துவிட்டது போலிருக்கிறது.

போன் அடிக்கிறது. 'சம்பந்தி' என்று காட்டுகிறது. எழுபத்தேழு சதவீதம். எடுக்கிறேன்டா.